கண்டவனே திரும்பி வந்தான்

எருசலேமுக்குப் போகும் வழியில், சமாரியாவுக்கும் கலிலேயாவுக்கும் இடைப்பட்ட பகுதியில், பத்துத் தொழுநோயாளர் இயேசுவை எதிர்கொண்ட நிகழ்வை லூக்கா நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். குருக்களிடம் சென்று தங்களைக் காட்டும்படி ஆண்டவர் அவர்களைப் பணித்தார். போகும் வழியிலேயே பத்துப் பேரும் நலமடைந்தனர். ஒருவன் மட்டுமே திரும்பி வந்து, அவர் காலடியில் விழுந்து நன்றி செலுத்தினான். அவன் ஒரு சமாரியன்.

மற்ற ஒன்பது பேரையும் தீயவர் என்று நற்செய்தி சொல்லவில்லை. ஆண்டவர் பணித்ததையே அவர்களும் செய்யச் சென்றார்கள். நெடுநாள் பிரிந்திருந்த மனைவி மக்களைக் காணும் ஆவலில் அவர்கள் விரைந்திருக்கவும் கூடும். ஆயினும், திரும்பி வந்தவனைப் பற்றிக் கூறும்போது லூக்கா ஒரு சிறு குறிப்பைச் சேர்க்கின்றார். தான் நலமடைந்திருப்பதை அவன் கண்டான், கண்டபின் திரும்பினான். நலம் பத்துப் பேருக்கும் கிடைத்தது. சற்றே நின்று, தன் கைகளைப் பார்த்து, இது எவரிடமிருந்து வந்தது என்று எண்ணித் திரும்பியவன் ஒருவனே. நன்றி நம் நாவுக்கு வருமுன் கண்ணில் பிறக்கவேண்டும் என்பதை இந்நிகழ்வு நமக்குக் கற்பிக்கின்றது.

அன்பார்ந்த வாசகர்களே, இந்தக் கண் மிக எளிதில் மங்கிப்போகும் இடம் நமது சொந்த வீடுதான். கடையில் மீதிப் பணத்தைச் சரியாகத் தந்தவருக்கு நன்றி கூறுகின்றோம். பஸ் வண்டியில் எழுந்து இடம் தந்த அந்நியருக்கும் நன்றி கூறுகின்றோம். ஆனால் விடியுமுன் எழுந்து, தேங்காய் துருவிச் சம்பல் அரைத்து, இடியப்பம் அவித்து, பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு உணவைக் கட்டிக் கொடுக்கும் தாய்க்கு நன்றி கூறும் வழக்கம் நம்மிடையே குறைவு. “வீட்டுக்குள்ளே என்ன நன்றி? அது பிறத்தியாருக்குச் சொல்வதல்லவா?” என்று கேட்போரும் உண்டு. அந்தச் சொல் உறவைத் தூரமாக்கிவிடுமோ என்னும் கூச்சத்தில் ஓர் அன்பும் இருக்கத்தான் செய்கின்றது. எனினும், சொல்லத் தேவையில்லை என்று நாம் விட்டுவிட்டது, காலப்போக்கில் காணவே தேவையில்லை என்றாகிவிடுகின்றது. அங்கேதான் ஆபத்து இருக்கின்றது.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். திருக்குறளில் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்னும் அதிகாரம் இல்லறவியலிலேயே அமைந்துள்ளது. மக்கட்பேறு, அன்புடைமை, விருந்தோம்பல், இனியவை கூறல் ஆகியவற்றை அடுத்து அது வருகின்றது. நன்றியறிதல் இல்லறத்துக்குரிய அறம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நாசரேத்தூர்த் திருக்குடும்பத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஆண்டவர் தமது பணியைத் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய 30 வயது என்று லூக்கா எழுதுகின்றார். அதற்கு முந்திய ஆண்டுகளின் பெரும்பகுதியைப் பற்றி நற்செய்திகள் மௌனம் காக்கின்றன. ஆனால் அவருடைய உவமைகளைக் கவனித்தால், அந்த ஆண்டுகளில் அவர் எவற்றையெல்லாம் பார்த்து வளர்ந்தார் என்பதை ஓரளவு உணரலாம். மாவில் புளிப்பு மாவைக் கலக்கும் பெண், காணாமற்போன ஒரு காசுக்காக விளக்கேற்றி வீட்டைப் பெருக்கும் பெண், பழைய ஆடையில் இடப்படும் ஒட்டு, பிள்ளைகளோடு உறங்கும் வேளையில் கதவு தட்டப்படும் வீடு, மீன் கேட்கும் மகன் ஆகிய இவையனைத்தும் ஓர் எளிய இல்லத்தின் காட்சிகள். அடுப்படியில் நடப்பதைக் கவனியாது வளர்ந்த ஒருவர் இறையாட்சியைப் புளிப்பு மாவுக்கு ஒப்பிட்டிருக்கமாட்டார். தாயின் உழைப்பை அவர் கண்டார். கண்டதை மறவாமல் உலகுக்கு நற்செய்தியாக்கினார்.

நாமோ பெரும்பாலும் இழந்த பின்னரே காண்கின்றோம். 2022ஆம் ஆண்டில் நம் நாடு அனுபவித்த பொருளாதார நெருக்கடியை எவரும் எளிதில் மறந்திருக்கமாட்டார். எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நீண்ட வரிசைகளில் காத்து நின்றோம். அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. இருளில் அமர்ந்திருந்த வேளையில் மின்குமிழ் மீண்டும் எரிந்தபோது பிள்ளைகள் கைதட்டி மகிழ்ந்தார்கள். இன்று அதே விளக்கை ஏற்றும் கை எதையும் உணர்வதில்லை.

மின்சாரம் திரும்பி வந்தது. மனிதர் அவ்வாறு திரும்பி வருவதில்லை. நீண்ட யுத்த காலத்தில், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில், 2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறன்று தங்கள் அன்புக்குரியவர்களை இழந்த குடும்பங்கள் நம் பங்குகள் பலவற்றில் வாழ்கின்றன. அவர்களோடு அமர்ந்து பேசினால், பெருநாட்களைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. படலையில் கேட்ட துவிச்சக்கர வண்டியின் மணியோசை, தேநீருக்குச் சீனி போதாது என்ற முணுமுணுப்பு, வாசலில் கழற்றி விடப்பட்ட செருப்பு ஆகியவற்றையே நினைவுகூருகின்றனர். அன்று அவை எவருடைய கண்ணிலும் படாத சிறு காரியங்கள். இன்று அவற்றுக்கு விலையில்லை. நமது வீட்டு வாசலில் இன்றும் அந்தச் செருப்புகள் கிடக்கின்றன என்றால், அதுவே ஒரு பேறு என்பதை நாம் உணரவேண்டாமா?

இங்கு ஒன்றைத் தெளிவாகக் கூறவேண்டும். எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறுமாறு புனித பவுல் தெசலோனிக்கருக்கு எழுதினார். துன்பத்தின் நடுவிலும் இறைவனைப் பற்றிக்கொள்ளும்படி அவர் கேட்கின்றாரேயன்றி, தீமையை நன்மை என்று சொல்லும்படி கேட்கவில்லை. ஆகவே, மதுவினால் குலைந்த வீட்டில் அழும் மனைவியைப் பார்த்து, “இருப்பதற்கு நன்றி சொல்” என்று வாயடைப்பது கிறிஸ்தவ போதனையாகாது. நன்றி என்பது நான் பிறருக்குச் செலுத்தவேண்டிய கடன். பிறரிடமிருந்து பிடுங்கும் வரியாக அதை மாற்றலாகாது. அதேபோல, சாப்பிட்டபின் நன்றி என்று ஒரு சொல்லை உதிர்த்துவிட்டு, கோப்பையைக் கழுவாமல் கதிரையில் சாய்ந்துகொள்வதும் நிறைவான நன்றியன்று. ஆண்டவர் தம் சீடரின் பாதங்களைக் கழுவினார். பிறரது உழைப்பைக் கண்ட கண், அந்த உழைப்பில் பங்கெடுக்கும் கையையும் தேடும்.

நாம் ஒவ்வொரு ஞாயிறும் பங்குபற்றும் நற்கருணைக் கொண்டாட்டத்துக்குக் கிரேக்க மொழியில் வழங்கும் பெயரின் பொருளே ‘நன்றி செலுத்துதல்’ என்பதாகும். காட்டிக்கொடுக்கப்பட்ட அதே இரவில் ஆண்டவர் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார். ஐந்து அப்பங்களும் இரண்டு மீன்களும் மட்டுமே கையில் இருந்தபோதும் நன்றி செலுத்தினார். அது ஐயாயிரம் பேருக்குப் போதும் என்று கண்ட பிறகு அன்று. போதாது என்று சீடர்கள் கலங்கி நின்ற வேளையிலேயே. அந்த வாற்கோதுமை அப்பங்களைக் கொண்டுவந்த சிறுவனை யோவான் குறிப்பிடுகின்றார். அவற்றைச் சுட்டவர் யார் என்று கூறவில்லை. எங்கோ ஒரு வீட்டின் அடுப்பில் எவரோ சுட்ட அப்பமே அன்று இறைமகனின் கைகளில் இருந்தது.

திருப்பலியில் கற்கும் நன்றியை வீட்டுக்குக் கொண்டுசெல்ல நமக்கு வழிகாட்டிகள் உள்ளனர். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ என்னும் திருத்தூது மடலில், குடும்பங்களுக்கு மூன்று சொற்கள் தேவை என்று வலியுறுத்தினார். அனுமதி கேட்கும் சொல், நன்றி கூறும் சொல், மன்னிப்புக் கேட்கும் சொல் என்பனவே அவை. புனித லொயோலா இஞ்ஞாசியார் தமது ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் ஆன்மச் சோதனைக்கு ஐந்து படிகளை வகுத்தபோது, பெற்ற நன்மைகளுக்காக இறைவனுக்கு நன்றி செலுத்துவதை முதற்படியாக வைத்தார். குற்றங்களை எண்ணுவதற்கு முன் கொடைகளை எண்ணச் சொன்னார்.

இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். கைத்தொலைபேசிகளை அப்பால் வைத்துவிட்டு ஐந்து நிமிடங்கள் அமர்ந்திருங்கள். வீட்டிலுள்ள ஒருவர் இன்று செய்த ஒரு காரியத்தை, நீங்கள் கண்ட ஒன்றை, பெயர் சொல்லி அவருக்கே கூறுங்கள். எல்லாவற்றுக்கும் நன்றி என்று பொதுப்படக் கூறவேண்டாம். “அப்பா, மழைக்குள் நனைந்து வந்து என்னை ரியூசனிலிருந்து ஏற்றி வந்தீர்கள்” என்று மகள் சொல்லட்டும். “அம்மம்மா, என் சீருடைத் தெறியைத் தைத்து வைத்திருந்தீர்கள்” என்று பேரன் சொல்லட்டும். கணவன் மனைவிக்கும் மனைவி கணவனுக்கும் சொல்லட்டும். முதல் நாள் கூச்சமாக இருக்கும், சிலர் சிரிப்பார்கள். இரண்டாம் நாள், மாலையில் சொல்வதற்காகவே பகலில் ஒருவரையொருவர் கவனிக்கத் தொடங்குவீர்கள். பிறகு பெற்றோர் பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை அடையாளமிட்டு உறங்க அனுப்பட்டும்.

மற்ற ஒன்பது பேரும் எங்கே என்று ஆண்டவர் கேட்டார். அந்தக் கேள்வி நம் இல்லங்களை நோக்கியும் கேட்கப்படுகின்றது. நம் வீட்டில் அவர் நாள்தோறும் செய்யும் நன்மைகளைக் காணும் கண்களை நமக்குத் தந்தருளுமாறு, நாசரேத்தூர்த் திருக்குடும்பத்தின் பரிந்துரை வழியாக அவரை மன்றாடுவோம்.