வானளாவிய நாற்காலி!

1987-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 29-ஆம் நாளிட்ட ‘ஆனந்த விகடன்’ அட்டையிலே ஒரு கேலிச் சித்திரம். பொதுக்கூட்ட மேடை. மேடையிலிருப்போரில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்கிறார். ஜேப்படிக்காரர் போல இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் போல இருப்பவர் மந்திரி என்று விடை வருகிறது. அவ்வளவுதான் சங்கதி! தேநீர்க் கடைப் பெஞ்சிலே அமர்ந்து இதைவிடக் காரமாக நாம் பேசியதில்லையா, தோழர்களே? மில்லுச் சங்கு ஊதுமுன் வாசலிலே நின்று மந்திரிகளுக்கு நாம் சூட்டாத பட்டமா?

சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருக்கலாம். கோட்டையிலே கோபம் கொப்புளித்தது! ஏப்ரல் 4-ஆம் நாள், அந்த ஏட்டின் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் என்று சட்டமன்றம் தீர்மானித்தது. நீதிமன்றப் படி ஏறவில்லை, சாட்சிக் கூண்டு இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. சபை தீர்மானித்தது, சபாநாயகர் அறிவித்தார், சிறைக் கதவு திறந்தது.

அந்த நாற்காலியிலே அன்று வீற்றிருந்தவர் நம் நெல்லைச் சீமையின் பிள்ளை, பி.எச். பாண்டியன். அவரைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம். 2020-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் மறைந்துவிட்டவர் அவர். மறைந்தவரைத் தூற்றி மகிழ்வது நம் வழக்கமன்று. மறைந்துவிட்டார் என்பதற்காக நடந்ததை மறைப்பதும் நம் வழக்கமன்று.

1945-ஆம் ஆண்டிலே பிறந்தவர். ஊர் கோவிந்தப்பேரி. கடையத்துக்குப் பக்கம், மேற்கு மலையின் அடிவாரத்துச் சிற்றூர். இன்று தென்காசி மாவட்டத்துக் கணக்கிலே சேர்ந்துவிட்டது. அங்கிருந்து புறப்பட்டுச் சட்டம் படித்து, கறுப்பு அங்கி போட்டு, எம்.ஜி.ஆர். தொடங்கிய கட்சியிலே சேர்ந்து, 1977-இல் சேரன்மாதேவித் தொகுதியிலே வென்று சென்னைக்குச் சென்றார். 1980-இலும் வென்றார், துணை சபாநாயகரானார். 1984-இலும் வென்றார், மறு ஆண்டு சபாநாயகரானார். எட்டே ஆண்டுகளில் கோவிந்தப்பேரியிலிருந்து கோட்டையின் உச்சி நாற்காலி! பரம்பரைப் பண்ணையார்களும் பட்டம் பெற்ற பிரபுக்களும் தங்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்த இடங்களிலே கிராமத்துப் பிள்ளை ஒருவன் போய் அமர்ந்தான் என்றால், அது நமக்குப் பெருமையே. இதைச் சொல்லாமல் மேலே செல்வது நேர்மையாகாது.

சேரன்மாதேவி என்றால் உங்களுக்கு வேறொன்றும் நினைவுக்கு வரவேண்டுமே! 1925! தாமிரவருணிக் கரையிலே வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம். நாட்டுக்கு உழைக்கும் இளைஞரை உருவாக்கப் போகிறோம் என்று ஊரெல்லாம் பணம் திரட்டி, காங்கிரசின் நிதியும் பெற்று நடந்த இடத்திலே, பார்ப்பன மாணவர் இருவருக்குத் தனிப் பந்தி! பெரியாரும் வரதராசுலுவும் கேட்டார்களே ஒரு கேள்வி, பொதுப்பணத்திலே நடக்கும் இடத்தில் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார வேண்டாமா என்று. அந்த ஆண்டு முடிவதற்குள் பெரியார் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து வெளியேறினார். பிறகு நடந்ததெல்லாம் வரலாறு. அதே ஊரின் பெயரைத் தாங்கிய தொகுதிதான் பாண்டியனை நான்கு முறை தேர்ந்தெடுத்தது.

நெல்லைக்கும் சபாநாயகர் நாற்காலிக்கும் அப்படியென்ன உறவோ தெரியவில்லை! 1962-இல் காங்கிரசின் செல்லப்பாண்டியன். 1967-இல் ஸ்ரீவைகுண்டத்திலே வென்ற சி.பா. ஆதித்தனார், ‘தினத்தந்தி’யைத் தொடங்கிய பத்திரிகைக்காரரே அமர்ந்த நாற்காலி அது. 1985-இல் பாண்டியன். 2006-இல் அம்பாசமுத்திரத்து ஆவுடையப்பன். 2021-இல் ராதாபுரத்து அப்பாவு. தாமிரவருணித் தண்ணீர் குடித்தவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் குரல் தானே வந்துவிடும் போலும்! இவர்களிலே வேறு எவருடைய பெயரும் ஒரு சொல்லோடு ஒட்டிக்கொள்ளவில்லை. பாண்டியன் பெயரோடு ஒட்டிக்கொண்டது: வானளாவிய அதிகாரம். சபாநாயகரின் அதிகாரம் வானளாவியது என்று அவர் முழங்கினார். நாடே அதைத் திருப்பிச் சொல்லிற்று, சிலர் மலைப்போடு, பலர் சிரிப்போடு.

வெறும் பேச்சல்ல அது. 1986-இல் இந்தித் திணிப்பை எதிர்த்து, அரசியல் சட்டத்தின் ஆட்சிமொழிப் பகுதியைக் கொளுத்தும் போராட்டம் நடந்ததல்லவா? அதிலே ஈடுபட்டதற்காகப் பேராசிரியர் அன்பழகன் உள்ளிட்ட தி.மு.க. சட்டமன்ற உறுப்பினர் 10 பேரின் பதவி பறிபோனது. மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் வெளியே, வானம் உள்ளே! இந்தியை எதிர்த்தே ஆட்சிக்கு வந்த ஓர் இயக்கத்தின் கிளைதான் இதைச் செய்தது என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

‘விகடன்’ விவகாரம் அதற்கு அடுத்த ஆண்டு. இங்கே சில தோழர்கள் ஒன்று கேட்பார்கள். நமக்குத் தெரியும், கேட்டிருக்கிறார்கள். “மேட்டுக்குடிப் பத்திரிகை அது. வேட்டி கட்டிக்கொண்டு கிராமத்திலிருந்து வந்தவனைத் திருடன் என்று படம் போட்டது. பாண்டியன் ஒரு பாடம் கற்பித்தார், அதிலென்ன குற்றம்?” என்பது கேள்வி. கேள்வியிலே ரோஷம் இருக்கிறது. ரோஷத்தை நாம் மதிக்கிறோம். நம்மவரைக் கேலி செய்தே வயிறு வளர்த்த ஏடுகள் இந்நாட்டிலே உண்டு என்பதும் பொய்யில்லை. கேலிக்குப் பதில் கேலியாகவே இருந்திருந்தால் நாமும் கைதட்டியிருப்போம். சிறைச்சாலையா பதில்? அந்தச் சிறைச்சாலை யாருக்காகக் காத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டாமா?

உத்தரப் பிரதேசத்திலே, கோரக்பூரிலே, கேசவ் சிங் என்று ஒருவர். பத்திரிகை அதிபர் அல்லர்; சோசலிஸ்டுக் கட்சித் தொண்டர். ஒரு எம்.எல்.ஏ.வைச் சாடி அச்சடித்த துண்டறிக்கைக்காக 1964-இல் சட்டமன்றம் அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தது. கண்டிக்கையில் அவர் நடந்துகொண்ட விதத்துக்காகவும், எழுதிய கடிதத்துக்காகவும் 7 நாள் சிறை என்றது. அலகாபாத் உயர்நீதிமன்றத்து நீதிபதிகள் இருவர் ஜாமீன் கொடுத்தார்கள். விட்டார்களா? அந்த நீதிபதிகளையே காவலில் பிடித்து வாருங்கள் என்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது! நீதிமன்றமே குலுங்கியது. 28 நீதிபதிகள் ஒன்றாக அமர்ந்து அந்தத் தீர்மானத்துக்குத் தடை போட்டார்கள். குடியரசுத் தலைவர் உச்சநீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நீதிபதிகள் செய்தது சரியே என்று அது சொன்னது. இருபுறமும் பெரியவர்கள் மானம் காத்துக்கொண்டார்கள். துண்டறிக்கை கொடுத்த தொண்டன் என்ன ஆனான்? 1965-இல் அவனுடைய மனுவை அதே அலகாபாத் நீதிமன்றம் தள்ளிவிட்டது!

முக்கூடலிலே பீடி சுற்றிவிட்டு மாலையிலே சுவரொட்டி ஒட்டப் போகும் தோழரே, விக்கிரமசிங்கபுரத்து மில்லிலே இரவு முறை முடித்துவிட்டுத் துண்டறிக்கை விநியோகிக்கும் தோழரே, கேசவ் சிங் யார் என்று தெரிகிறதா? நீங்கள்தான்!

இந்த அதிகாரம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? எழுதப்படவில்லை! வேடிக்கையே அதுதான். அரசியல் சட்டத்தின் 194-ஆவது பிரிவு, சட்டமன்றத்தின் உரிமைகள் இன்னின்ன என்று சட்டமன்றமே சட்டம் செய்து வரையறுக்கட்டும், அதுவரையில் இங்கிலாந்துக் காமன்ஸ் சபைக்கு உள்ள உரிமைகளே இங்கும் என்றது. 1978-இன் 44-ஆவது திருத்தம் இங்கிலாந்தின் பெயரை எடுத்துவிட்டது. உரிமைகளை அப்படியே விட்டுவைத்தது. அந்தக் காமன்ஸ் சபையோ, ஆளைப் பிடித்துச் சிறையில் அடைப்பதை 1880-ஆம் ஆண்டோடு நிறுத்திக்கொண்டது. எசமானன் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, வெள்ளையனை விரட்டினோம் என்று பேசுகிறோம்! வரையறுத்துவிட்டால் எல்லை தெரிந்துவிடும். எல்லை தெரிந்தால் வானம் சுருங்கிவிடும். ஆகவே எந்தக் கட்சிக்கும் எழுத மனம் வரவில்லை. எந்தக் கட்சிக்கும் என்றுதான் சொல்கிறோம்.

பாலசுப்பிரமணியன் மன்னிப்புக் கேட்க மறுத்தார். பத்திரிகைக்காரர்களும் பொதுமக்களும் கொதித்தெழுந்தார்கள். மூன்று மாதத் தண்டனை மூன்று நாளிலே முடிந்தது! அவர் அதோடு விடவில்லை; நீதிமன்றம் சென்றார். 1994-இல் சென்னை உயர்நீதிமன்றம், கைது செல்லாது என்று கூறி, அடையாள இழப்பீடாக 1,000 ரூபாய் அளித்தது.

அதற்குள் இங்கே காட்சிகள் பல மாறிவிட்டன. 1987 டிசம்பர் 24-இல் எம்.ஜி.ஆர். மறைந்தார். கட்சி இரண்டாயிற்று. ஜானகி அம்மையார் முதலமைச்சரானார். 1988 சனவரி 28-இல் நம்பிக்கை வாக்கெடுப்பு. அன்று சட்டமன்றம் பட்ட பாட்டை என்னென்பது! அடிதடி, இரத்தம், மன்றத்துக்குள்ளே தடியோடு போலீசு. அந்த அமளியிலே அரசு வென்றது என்று பாண்டியன் அறிவித்தார். வானளாவிய அதிகாரம் இரண்டே நாள் நின்றது. சனவரி 30-இல் டில்லி 356-ஆவது பிரிவை வீசி ஆட்சியைக் கலைத்தது. மாநில சபாநாயகரின் வானத்துக்கு மேலே டில்லியின் வானம் ஒன்று இருக்கிறது என்பதை அன்று கண்டோம். டில்லி செய்ததை நாம் ஆதரிக்கிறோமா? இல்லை. அந்த 356 எல்லா மாநிலத்தின் கழுத்துக்கும் பொதுவான கத்தி.

ஒன்று சொல்ல வேண்டும். அதிகாரம் போன பிறகு அணி மாறி ஓடியவர் பலர். பாண்டியன் ஓடவில்லை. 1989 தேர்தலில் ஜானகி அணியிலே நின்றார். அம்மையாரே ஆண்டிபட்டியில் தோற்றார். தமிழகம் முழுவதும் அந்த அணியில் வென்றவர் இருவரே. அந்த இருவரில் ஒருவர் சேரன்மாதேவிப் பாண்டியன்! ஆற்றோரத்து வயல்காட்டு மக்களிடம் அவருக்கு இருந்த வேர் அப்படிப்பட்டது. பிறகு ஒன்றுபட்ட கட்சியிலே 1999-இல் திருநெல்வேலியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். 2017-இல், ஜெயலலிதா மறைந்த பின், சசிகலா பொறுப்புக்கு வருவதை எதிர்த்துப் பன்னீர்செல்வம் பக்கம் நின்று, அம்மையாரின் சாவு குறித்து வெளிப்படையாகக் கேள்வி எழுப்பியவர்களில் அவரும் ஒருவர். பயந்த ஆசாமி என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

அவர் விட்டுச் சென்ற நாற்காலிக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் அந்தச் சுவை பிடித்துவிட்டது. 1992-இல் ‘முரசொலி’ ஆசிரியர் செல்வத்தை மன்றத்திலே கூண்டு வைத்து நிறுத்தினார்கள். 2003-இல் அவருக்கும், ‘இந்து’ ஏட்டைச் சேர்ந்த ஐவருக்கும் 15 நாள் சிறை என்றார்கள், உச்சநீதிமன்றம் தடுத்தது. ‘விகடனு’க்குப் பாடம் கற்பித்தபோது சிரித்த தோழர்கள் இதைக் கணக்கிலே வைத்துக்கொள்ளட்டும். கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்கீழ் சபாநாயகர் தரும் தீர்ப்பும் நீதிமன்றத்தின் ஆய்வுக்கு உட்பட்டதே என்று உச்சநீதிமன்றம் 1992-இலேயே சொல்லிவிட்டது. இருந்தும், தகுதி நீக்க மனுக்கள் ஆண்டுக்கணக்கில் மேசையிலே உறங்குவதை நாட்டின் பல மாநிலங்களில் பார்த்தோம். தீர்ப்புச் சொன்னால்தானே ஆய்வு செய்வார்கள்!

பாண்டியன் வீட்டுக்கே நீதிமன்றப் படி ஏறவேண்டிய நாள் ஒன்று வந்தது. 2006-இல் சேரன்மாதேவியிலே அவருடைய மகன் பால் மனோஜ் பாண்டியன், காங்கிரசின் வேல்துரையிடம் தோற்றார். வென்றவர் அரசாங்க ஒப்பந்தக்காரராக இருக்கிறார், தேர்தல் செல்லாது என்பது வழக்கு. உயர்நீதிமன்றத்திலே தொடங்கிய வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 2011 ஏப்ரலில், அடுத்த பொதுத்தேர்தல் நடந்த அதே மாதத்தில், தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஐந்தாண்டு ஆளவேண்டியவர் ஐந்தாண்டும் ஆண்டு முடித்துவிட்டார். தொகுதிச் சீரமைப்பிலே சேரன்மாதேவி என்ற தொகுதியும் அதற்குள் காணாமற் போயிருந்தது.