வாடகை வீடும் வயசான பாய்லரும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வேலை பார்க்கும் பிரம்மச்சாரிகளுக்கு வீடு கிடைப்பதே குதிரைக்கொம்பு. நான் குடியிருக்கும் வீட்டில் கூடுதலாக ஒரு ‘தாத்தா’வும் உண்டு. குளியலறைக்கு வெளியே, தாழ்வாரத்தில் நிற்கும் செம்பு பாய்லர்!

“எங்கப்பா வாங்கினது தம்பி. பத்திரமா பார்த்துக்குங்க” என்றார் வீட்டுக்காரர். கீசர் கேட்ட வாய் தானாக மூடிக்கொண்டது.

பாய்லரின் நடுவே புகைக்குழாய். அதைச் சுற்றித் தண்ணீர். கீழே கம்பித் தட்டில் கரியோ கொட்டாங்கச்சியோ போட வேண்டும். புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது அடிக்குப் போய், மேலே நிற்கும் வெந்நீரை மூக்கு வழியாகத் தள்ளிவிடும். ஒரு சொம்பு கொடுத்தால்தான் ஒரு சொம்பு. பி.காம். படித்த எனக்கு இவ்வளவு சுத்தமான பற்று வரவுக் கணக்கை எந்தக் கம்பெனியும் காட்டியதில்லை!

தாத்தாவுக்குச் சில பத்தியங்கள் உண்டு. தண்ணீர் நிரப்பாமல் நெருப்பு மூட்டவே கூடாது. சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்வதால்தான் செம்பு பிழைக்கிறது. காலிப் பாய்லரில் பற்றவைத்த இணைப்புகள் விட்டுப்போகும். புகைக்குழாயில் படியும் கரியை அடிக்கடி சுரண்ட வேண்டும். இல்லாவிட்டால் சூடு தண்ணீருக்குப் போகாமல் ஆகாயத்துக்குப் போகும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் உள்ளே சுண்ணாம்பு போலப் படியும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரை ராத்திரி முழுக்க ஊறவிட்டுக் கொட்டினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

மழைக்கு பயந்து இதைக் குளியலறைக்குள் இழுத்து வைத்துக் கதவைச் சாத்தும் ஆசாமிகள் இருக்கிறார்கள். வேண்டாம் சார்! கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை. தலை சுற்றுகிறதே என்று யோசிப்பதற்குள் ஆளை முடித்துவிடும்.

ஒரு நல்ல குணம், தாத்தா வாய் திறந்தவர். ஆவி வெளியே போய்விடுவதால் வெடிக்கிற பேச்சில்லை. தொழிற்சாலை பாய்லர் அப்படியல்ல. தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். அதை அடைத்து வைத்துத்தான் வேலை வாங்குகிறார்கள். 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்த பிறகுதான் இந்தியாவில் இதற்குச் சட்டம் வந்தது. 1923-ம் வருஷச் சட்டத்துக்குப் பதில் 2025-ல் புதுச் சட்டமும் வந்தாகிவிட்டது. இத்தனைக்கும் நடுவில், 2020-ல் நெய்வேலியில் மே மாதம் ஒன்று, ஜூலையில் ஒன்று என இரண்டு விபத்துகள். பாய்லர் பக்கம் வேலை பார்க்கும் நண்பர்கள் சேஃப்டி வால்வையும் நீர்மட்டக் கண்ணாடியையும் தினமும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சரி, வீட்டு பாய்லர் ரிப்பேரானால் யார் பணம்? தமிழ்நாட்டில் 2019 முதல் அமலில் இருக்கும் வாடகைச் சட்டத்தில் இதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது. வெள்ளையடிப்பது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் செலவு. குழாய் வாஷர், சுவிட்ச், கீசர் ரிப்பேர் நம் தலையில். பாத்டப் ரிப்பேரும் நம் தலையில்தான். கும்மிடிப்பூண்டியில் யார் வீட்டில் பாத்டப் இருக்கிறதோ! செம்பு பாய்லர் கீசரில் சேர்த்தியா என்பதில் வக்கீல்கள் பிழைத்துப் போகட்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுதான் செல்லும். எனவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே “பாய்லர் ரிப்பேர் வீட்டுக்காரர் பொறுப்பு” என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தால் காபி வாங்கிக் கொடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள்.