கேட்பதற்கு முன் சொல்லிவிடுங்கள்: எல்லை கடக்கும் வேட்டைத் துப்பாக்கிகள்

கரீபியப் பகுதியில் பிரிட்டனின் ஆளுகைக்கு உட்பட்ட டர்க்ஸ் அண்ட் கேக்கோஸ் தீவுகளுக்கு விடுமுறைக்குப் போன அமெரிக்கர்கள் சிலர், 2024-ல் ஊர் திரும்பும் நாளன்று விமான நிலையத்திலேயே கைதானார்கள். ஒருவரின் பையில் இருந்தவை நான்கு வேட்டைத் தோட்டாக்கள். துப்பாக்கி எதுவும் இல்லை. முன்பு வேட்டைக்குக் கொண்டுபோன தோட்டாக்கள் பைக்குள்ளேயே தங்கிவிட்டன; அவர் கவனிக்கவில்லை. அமெரிக்காவில் விமானம் ஏறும்போது நடந்த சோதனையிலும் அவை கண்ணில் படவில்லை. அந்தத் தீவுகளின் அப்போதைய சட்டப்படி, அனுமதி இல்லாமல் தோட்டா வைத்திருந்தால் 12 ஆண்டு சிறை என்பது குறைந்தபட்சத் தண்டனை. வீடு திரும்ப முடியாமல் வாரக்கணக்கில் அங்கேயே தவித்த பிறகு, அபராதத்தோடும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையோடும் அவர்கள் விடுபட்டார்கள். இப்படிப்பட்ட வழக்குகளில் நீதிபதிக்குக் கூடுதல் அதிகாரம் தரும் வகையில் அதே ஆண்டு சட்டமும் திருத்தப்பட்டது.

நான்கு தோட்டாவுக்கு 12 ஆண்டு என்பது கொடுமை, சந்தேகமில்லை. ஆனால், கள்ளத் துப்பாக்கிகளால் அவதிப்படும் ஒரு சிறிய தீவு, வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு தோட்டாவையும் அச்சத்தோடு பார்ப்பதிலும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் வால்மார்ட் கடையிலேயே வாங்கக்கூடிய பொருள், எல்லைக்கோட்டைத் தாண்டியதும் வேறு பொருளாகிவிடுகிறது. வேட்டைக்காரரின் நல்லெண்ணத்தை அதிகாரி அறிய வழியில்லை. கேட்பதற்கு முன்பே “என்னிடம் இது இருக்கிறது” என்று அவர் சொல்கிறாரா என்பது ஒன்றுதான் அதிகாரிக்குத் தெரியும். வேட்டைக் கருவிகளுக்கான எல்லை விதிகள் பெரும்பாலும் இந்த அறிவிப்பைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்க–கனடிய எல்லை நல்ல இடம். 8,891 கிலோமீட்டர் நீளம். இலையுதிர் காலம் தொடங்கியதும் வாத்து வேட்டைக்காரர்கள் வடக்கு டகோட்டாவிலிருந்து சஸ்காட்செவன் மாகாணத்துக்குள் நுழைவார்கள். கரடி, மூஸ் மான் தேடிப் போகிறவர்கள் மினசோட்டாவின் இன்டர்நேஷனல் ஃபால்ஸில் ரெய்னி ஆற்றுப் பாலத்தைக் கடந்து ஒன்டாரியோவின் ஃபோர்ட் பிரான்சிஸை அடைவார்கள். மோன்டானாவின் ஸ்வீட்கிராஸிலிருந்து ஆல்பர்ட்டாவின் கூட்ஸுக்கு இன்னொரு வழி. வண்டியின் பின்புறம் ரைபிள், ஷாட்கன், கூடாரம், குளிர்பெட்டி, சில சமயம் நாயும் இருக்கும்.

கனடாவில் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். வருகையாளருக்கு அந்த உரிமத்தின் இடத்தில் நிற்பது 5589 என்ற எண்ணுள்ள படிவம். துப்பாக்கியின் தயாரிப்பாளர், வகை, குழலின் நீளம், வரிசை எண் எல்லாவற்றையும் முன்கூட்டியே நிரப்பி வைத்துக்கொள்ளலாம். கையெழுத்தை மட்டும் எல்லையில் அதிகாரியின் முன்னால்தான் போட வேண்டும். அவசரத்தில் வீட்டிலேயே கையெழுத்திட்டுக் கொண்டுபோனால், மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியதுதான். எத்தனை துப்பாக்கி கொண்டுபோனாலும் கட்டணம் ஒன்றே. அதிகாரி உறுதிசெய்த படிவம் 60 நாளைக்குத் தற்காலிக உரிமமாகவும் பதிவுச் சான்றாகவும் செல்லும். அதைக் காட்டிக் கனடியக் கடைகளில் தோட்டாவும் வாங்கலாம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். கொண்டுவருவதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். வேட்டை, போட்டி, பழுதுபார்ப்பு, வேறிடத்துக்குப் போகும் வழி, ஆளரவமற்ற பகுதியில் காட்டு விலங்கிடமிருந்து தற்காப்பு ஆகியவை ஏற்கப்படும் காரணங்கள். மனிதரிடமிருந்து தற்காத்துக்கொள்ள என்று சொன்னால் துப்பாக்கி உள்ளே போகாது. அமெரிக்காவில் துப்பாக்கி வாங்குகிறவர்கள் முதலில் சொல்லும் காரணமே அதுதான் என்பதால் பலர் இங்கே திகைத்து நிற்கிறார்கள்.

கனடியச் சட்டம் துப்பாக்கிகளை மூன்றாகப் பிரிக்கிறது: கட்டுப்பாடு இல்லாதவை, கட்டுப்படுத்தப்பட்டவை, தடைசெய்யப்பட்டவை. சாதாரண வேட்டை ரைபிளும் ஷாட்கன்னும் பெரும்பாலும் முதல் வகை. ஆனால் 2020 மே 1 அன்று கனடிய அரசு ஏறத்தாழ 1,500 மாடல்களை ஒரே ஆணையில் தடைசெய்தது. ஏ.ஆர்-15 மட்டுமல்ல, பண்ணை வீடுகளில் நரியையும் கொயோட்டியையும் விரட்டப் பயன்பட்டுவந்த ரூகர் மினி-14 போன்றவையும் அதில் அடக்கம். அதற்குப் பிறகும் பட்டியல் நீண்டிருக்கிறது. ‘போன தடவை இதே துப்பாக்கியோடுதானே வந்தேன்’ என்ற வாதம் எடுபடாது. மாடலின் பெயரைப் புறப்படும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. துப்பாக்கி அனுமதிக்கப்பட்டதாக இருந்து, அதன் மேகசின் தடைசெய்யப்பட்டதாக இருக்கவும் கூடும். நடுவெடி (சென்டர்ஃபயர்) வகை அரைத்தானியங்கி ரைபிளின் மேகசினில் ஐந்து தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது. ஓசையைக் குறைக்கும் சைலன்சர் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் வேட்டைக்காரரின் சாதாரண உபகரணம். கனடாவில் அது முற்றிலும் தடைசெய்யப்பட்ட பொருள்.

உண்மையான தலைவலி கைத்துப்பாக்கி. அமெரிக்கர் பலர் அதைக் காரின் முன்பெட்டியில் எப்போதும் வைத்திருக்கிறார்கள். வேட்டை ரைபிளைப் பற்றி ஒழுங்காக அறிவித்துவிட்டு, முன்பெட்டியில் இருப்பதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. மறக்காமலே மறைக்கிறவர்களும் உண்டு. எல்லையில் நிற்கும் அதிகாரிக்கு இருவருக்கும் வேறுபாடு தெரியாது. கனடாவில் 2022 அக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கி விற்பனையும் வாங்குதலும் கைமாற்றமும் நாடு முழுவதும் உறைநிலையில் இருக்கின்றன. அறிவிக்காத கைத்துப்பாக்கி பறிமுதலாகும், திரும்பக் கிடைக்காது. வண்டியும் பறிமுதலாகலாம், வழக்கும் வரலாம். டொரன்டோவின் தெருக்களில் குற்றங்களுக்குப் பயன்படும் கைத்துப்பாக்கிகளில் பெரும்பங்கு தெற்கேயிருந்து கடத்தப்படுபவை. அந்நகரின் ஸ்கார்பரோ பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் அந்தச் சூட்டுச் சத்தத்தைக் கேட்டவைதான். எல்லை அதிகாரியின் கண்டிப்பில் நான் குறை காண மாட்டேன்.

அலாஸ்காவுக்குத் தரைவழியே போகிறவர்கள் இதில் தனிக் கூட்டம். அமெரிக்காவின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குத்தான் போகிறார்கள். ஆனால் இடையில் பிரிட்டிஷ் கொலம்பியாவும் யூக்கானும் இருக்கின்றன. டாசன் கிரீக்கில் தொடங்கும் அலாஸ்கா நெடுஞ்சாலை 1942-ல் போர்க்கால அவசரத்தில் போடப்பட்டது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கனடிய மண்ணிலேயே ஓட வேண்டும். வழியில் கரடி உண்டு என்பதால் ரைபிளோ ஷாட்கன்னோ கொண்டுபோக அனுமதி கிடைக்கும். கைத்துப்பாக்கியை அமெரிக்காவிலேயே உரிமம் பெற்ற வணிகர் மூலம் தனியாக அனுப்பிவிடுவதே வழி. இரவில் விடுதியில் தங்கும்போது, துப்பாக்கி வண்டியிலேயே இருக்குமானால், தோட்டா நீக்கி, வெளியே தெரியாமல், பூட்டிய பின்பெட்டியில் இருக்க வேண்டும்.

துப்பாக்கியில் குறை ஏதும் இல்லாமலே சிலர் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய பழைய தண்டனை ஒன்று பதிவில் இருந்தால் போதும். 2018 டிசம்பர் முதல் கனடா அதைக் கடுங்குற்றமாகக் கருதுகிறது. வேட்டைப் பருவத்துக்காக ஆண்டு முழுவதும் பணம் சேர்த்து, வழிகாட்டிக்கு முன்பணம் கட்டி, நுழைவாயிலில் அது தெரியவரும்போது நண்பர் குழுவே கலைந்துபோகிறது. வேட்டைப் பயணம் போகிறவர்கள் ஒருவரிடம் ஒருவர் கேட்கக் கூச்சப்படும் கேள்வி இது. கேட்டுவிடுவது நல்லது.

இனித் திரும்பி வரும் பாதை. சொந்த நாட்டுக்குள் சொந்தத் துப்பாக்கியோடு நுழைவதற்கும் சான்று வேண்டும். இல்லாவிட்டால் அதை வெளிநாட்டில் வாங்கியதாகக் கருத இடமுண்டு. அமெரிக்கச் சுங்கத் துறையின் படிவம் 4457 இதற்காகத்தான். கேமரா, கைக்கடிகாரம் போன்ற விலையுயர்ந்த பொருள்களை வெளியே கொண்டுபோகிறவர்களுக்கான சாதாரணச் சீட்டு அது. புறப்படும் முன் துப்பாக்கியைச் சுங்க அலுவலகத்துக்கு எடுத்துப்போக வேண்டும்; வரிசை எண்ணை அதிகாரி நேரில் பார்த்து முத்திரையிடுவார். கட்டணம் இல்லை.

இந்தச் சீட்டுக்கு வெளிநாட்டில் கிடைத்திருக்கும் மதிப்பு வியப்பானது. தென்னாப்பிரிக்காவுக்கு ரைபிளோடு போகிற அமெரிக்கரிடம் அங்குள்ள காவல் துறை அவரது நாட்டு உரிமத்தைக் கேட்கிறது. சாதாரண ரைபிளுக்கு அமெரிக்க நடுவண் அரசு அப்படியொரு உரிமம் தருவதே இல்லை. எனவே கேமராவுக்கு எழுதப்படும் சுங்கச் சீட்டு, ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் துப்பாக்கி உரிமையாளர் சான்றாக ஏற்கப்படுகிறது. அங்கே நிரப்ப வேண்டிய படிவத்தின் பெயர் எஸ்.ஏ.பி.எஸ். 520. கறுப்பு மையில்தான் எழுத வேண்டும். இங்கும் கையெழுத்து அதிகாரியின் முன்னால்தான். வேட்டைப் பண்ணையின் அழைப்புக் கடிதமும் திரும்பும் பயணச் சீட்டும் கூடவே இருக்க வேண்டும். ஒரு காலிபருக்கு (குழல் விட்ட அளவுக்கு) ஒரு துப்பாக்கி, ஒவ்வொன்றுக்கும் 200 தோட்டா என்பது வரம்பு. நீண்ட விமானப் பயணம் முடிந்து களைத்து இறங்கியவர் நீல மையில் எழுதிய தாளை நீட்டினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவிலிருந்து வெளியே கொண்டுபோவது சட்டப்படி ஏற்றுமதி என்பதையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. திரும்பக் கொண்டுவரும் சொந்தப் பொருளாக மூன்று துப்பாக்கி, ஆயிரம் தோட்டா வரை தனி உரிமம் தேவைப்படாது. ரைபிளின் மேல் பொருத்தியிருக்கும் ஸ்கோப்பில்தான் சிக்கல். சாதாரணக் கண்ணாடி ஸ்கோப் என்றால் கவலையில்லை. இரவுப் பார்வைக் கருவியும் வெப்பப் படக் கருவியும் ராணுவத் தொழில்நுட்பத்தோடு தொடர்புள்ளவை. ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. பல வகைகளுக்கு முன் உரிமம் வேண்டும். ஒரு வாரத்தில் திரும்பிவிடுவேன் என்பது விலக்காகாது. பன்றி வேட்டைக்காக டெக்ஸாஸில் இரவெல்லாம் பயன்படுத்திய கருவியை அப்படியே பெட்டியில் போட்டுக்கொண்டு புறப்படுகிறவர், ரைபிளால் வராத ஆபத்தை அதனால் தேடிக்கொள்கிறார்.

விமானத்தில் போகும்போது துப்பாக்கி தோட்டா நீக்கப்பட்டு, கடினமான பூட்டிய பெட்டியில், பயணச் சரக்கில் மட்டுமே செல்லும். கவுன்டரில் வாய்விட்டு அறிவிக்க வேண்டும். தோட்டா ஒருவருக்கு 5 கிலோ வரை. பழைய பாணி வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக்கான கருமருந்து எந்த வகையிலும் விமானத்தில் ஏறாது. போன இடத்தில்தான் வாங்க வேண்டும். கரடியை விரட்டும் மிளகுத் தெளிப்பானும் அப்படித்தான். தரைவழியே கனடாவுக்குக் கொண்டுபோகும்போது, அதன் மேல் விலங்குக்கானது என்ற வாசகம் இருக்க வேண்டும். மனிதருக்கு எதிரான தெளிப்பான் அங்கே தடைசெய்யப்பட்ட ஆயுதம். வில்லோடு போகிறவருக்குத் துப்பாக்கிப் படிவம் தேவையில்லை. குறுக்குவில் என்றால் அளவு பார்க்க வேண்டும்: 500 மில்லிமீட்டருக்குக் குறைவானதும் ஒற்றைக் கையால் குறிபார்த்து எய்யக்கூடியதும் கனடாவில் தடை. பொத்தானை அழுத்தினால் பாயும் மடக்குக் கத்தியும் தடை.

ஆயுதமே அல்லாத பொருள்களும் உண்டு. மானைக் கவர வேட்டைக்காரர்கள் தெளிக்கும் மான் சிறுநீர்ப் புட்டி அவற்றில் ஒன்று. மான்களின் மூளையை அழிக்கும் நாட்பட்ட நலிவு நோய் 1967-ல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டது. 2016-ல் நார்வேயின் கலைமானிலும் தென்பட்டது. நோய்க்குக் காரணமான பிரியான் புரதம் சிறுநீரிலும் வெளியேறும், மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். அதனால்தான் சில கனடிய மாகாணங்கள் இந்தப் புட்டியைத் தடைசெய்திருக்கின்றன. நியூசிலாந்திலோ காலணியில் ஒட்டிய சேறே பிரச்சினை. பயன்படுத்திய பூட்ஸையும் கூடாரத்தையும் அறிவிக்காமல் போனால் 400 நியூசிலாந்து டாலர் உடனடி அபராதம். தீவின் காடுகளை வெளிக்கிருமிகளிடமிருந்து காக்கும் இந்தப் பிடிவாதத்தை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விஷயம் எளிது. உறுப்பு நாடு தரும் ஐரோப்பியத் துப்பாக்கிக் கடவுச்சீட்டும், அழைப்புக் கடிதம் போன்ற ஒரு காரணச் சான்றும் இருந்தால் வேட்டைக்காரர் எல்லை கடக்கலாம். 1991-ம் ஆண்டு நெறிமுறையில் பிறந்த ஏற்பாடு இது. ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டனில் அந்தச் சீட்டு இப்போது செல்லாது. ஸ்காட்லாந்து மலைகளுக்கு மான் வேட்டைக்குப் போகிற ஜெர்மானியருக்காக, அவரை அழைக்கும் உள்ளூர்க்காரர் காவல் துறையிடம் வாரங்களுக்கு முன்பே அனுமதி கேட்டுப் பெற வேண்டும்.

இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டதால், இவை நமக்குத் தொலைவான செய்திகளாகத் தோன்றலாம். ஆனால் மறந்துபோன தோட்டா நம் விமான நிலையங்களிலும் அகப்படுகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் இரவல் பையிலோ, உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருக்கும் தந்தையின் பெட்டியிலோ ஒரு தோட்டா கிடந்தால், 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி வழக்கு. பொருள் தன்னிடம் இருப்பதை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். அறியாமல் வைத்திருப்பது குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் விளக்கியது. அதைப் பின்பற்றி டெல்லி உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட வழக்குகள் பலவற்றை ரத்து செய்திருக்கிறது. ஆனால் அந்த உத்தரவு வரும்வரை விமானம் போய்விடும், வழக்கறிஞருக்குப் பணம் போகும், பாஸ்போர்ட் புதுப்பிக்கக்கூட நீதிமன்றத்தின் அனுமதி கேட்க வேண்டிவரும்.

துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது என்ற வழியும் உண்டு. முதல் பயணம் போகிறவருக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். கனடாவில் வருகையாளர் உள்ளூர்த் துப்பாக்கியைப் பயன்படுத்தத் தற்காலிக இரவல் உரிமம் தருகிறார்கள். தென்னாப்பிரிக்கப் பண்ணைகள் பலவற்றில் வாடகைக்கு ரைபிள் கிடைக்கும். முன்பதிவின்போதே காலிபரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, முதல் நாள் காலை இலக்குப் பலகையில் சில தோட்டாக்கள் சுட்டுப் பழகிக்கொள்ள நேரம் ஒதுக்க வேண்டும். பைக்கு மட்டும் ஒரு நிபந்தனை: வேட்டைக்குக் கொண்டுபோகும் பையும் விமானப் பயணத்துக்கான பையும் வேறு வேறாக இருக்கட்டும்.