ஒரே வெயில், இரண்டு அஸர்

கீழக்கரையிலிருந்தோ காயல்பட்டினத்திலிருந்தோ திருவண்ணாமலையின் வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்துக்கு மாற்றலாகி வரும் ஒருவருக்கு முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வி எழும். சொந்த ஊரில் கேட்டதைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாமதமாக இங்கே அஸர் பாங்கு ஒலிக்கிறதே, எது சரி? கடலோர ஊர்களில் ஷாஃபி மத்ஹபு வேரூன்றியிருக்கிறது. 1989 வரை திருவண்ணாமலையும் சேர்ந்திருந்த வடஆற்காடு வட்டாரத்தில் ஹனஃபியே பெரும்பான்மை. "அவரவர் மத்ஹபுப்படி தொழுதுகொள்ளுங்கள்" என்பதுதான் வழக்கமான பதில். அதில் பிழையில்லை. ஆனால் காரணம் சொல்லாமல் விட்டால், கேட்டவர் மனத்தில் இரண்டில் ஒன்று தவறு என்ற எண்ணமே தங்கிவிடுகிறது. அந்த எண்ணம்தான் தவறு.

இரு தரப்பும் பார்ப்பது ஒரே நிழலைத்தான். திருவண்ணாமலையில் ஏப்ரல் 22, ஆகஸ்ட் 21 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நட்டு வைத்த கோலுக்கு அந்த நண்பகலில் நிழலே இருக்காது. பிறகு நிழல் கிழக்கே நீளும். ஏப்ரலில் சுமார் மூன்றேகால் மணிக்கு அது கோலின் உயரத்தை எட்டும். ஷாஃபியில் அஸர் தொடங்குவது அப்போது. நிழல் கோலைப் போல இரு மடங்காகும்போது மணி நாலரையாகிவிடும். அபூஹனீஃபாவின் பெயரால் அறியப்படும் கருத்தில் அதுவே தொடக்கம். மற்ற நாட்களில் நண்பகலிலேயே கொஞ்சம் நிழல் கிடக்கும் என்பதால் அதைக் கழித்துவிட்டு அளப்பார்கள். குர்ஆன் தொழுகையை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்கிறது. அந்த நேரத்தின் எல்லையை நபிமொழிகளிலிருந்து வகுத்தபோதுதான் ஒரு மடங்கா, இரு மடங்கா என்று அறிஞர்கள் பிரிந்தார்கள்.

இது இரண்டு முகாம்களின் சண்டையும் அல்ல. அபூஹனீஃபா 767இல் இறந்தார். அவருடைய தலைமாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மது அஷ்ஷைபானியும் இந்த விஷயத்தில் ஆசிரியரை விட்டு விலகி, ஒரு மடங்கு நிழலே போதும் என்றார்கள். ஹனஃபி நூல்கள் அந்த மாற்றுக் கருத்தை மறைக்காமல் ஆசிரியரின் கருத்துக்குப் பக்கத்திலேயே பதிந்து வைத்திருக்கின்றன. ஷைபானியிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர்தான் இமாம் ஷாஃபி. மக்காவின் ஹரம் பள்ளியில் இன்றும் ஒரு மடங்கு நிழலில்தான் அஸர் ஜமாஅத். இங்கிருந்து ஹஜ்ஜுக்குப் போகும் ஹனஃபிகள் அங்கே தொழவைக்கும் இமாமுக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள். அங்கே செல்லும் தொழுகை கீழக்கரையில் மட்டும் எப்படிச் செல்லாமல் போகும்?

அப்படியானால் எது வசதியோ அதை எடுத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சட்ட அறிஞர்கள் இதற்கு ஒளுவை வைத்து விடை சொல்வார்கள். உடலிலிருந்து இரத்தம் வழிந்தால் ஹனஃபியில் ஒளு முறியும், ஷாஃபியில் முறியாது. மனைவியின் கை பட்டால் ஷாஃபியில் முறியும், ஹனஃபியில் முறியாது. இரண்டும் நேர்ந்த ஒருவர் முதலாவதற்கு ஷாஃபியையும் இரண்டாவதற்கு ஹனஃபியையும் காட்டி அப்படியே தொழப் போனால், இரு மத்ஹபின்படியும் அவருக்கு ஒளு இல்லை. கருத்து வேறுபாட்டுக்கு இடம் தந்தவர்கள் அதற்கு வேலியும் போட்டே வைத்தார்கள். என் பார்வையில், இடம் கொடுத்ததைவிட இந்த வேலியைப் பற்றித்தான் இன்று அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

வேங்கிக்காலுக்கு வந்தவருக்கு இழப்பு ஏதுமில்லை. அஸர் தொடங்குவதில்தான் இருவருக்கும் வேறுபாடு. அது சூரியன் மறையும்போது முடிகிறது என்பதில் இல்லை. ஷாஃபியில் முன்நேரமே சிறப்பு என்றாலும், ஹனஃபி ஜமாஅத் நடக்கும் நேரமும் அவருக்கு அஸர் நேரம்தான். அவர் கவனிக்க வேண்டியது கார்த்திகை மாதத்தை. அரசு அலுவலகம் முடிவது மாலை 5.45 மணிக்கு. நவம்பர் கடைசியில் இங்கே சூரியன் மறைவதும் ஏறத்தாழ அதே நேரத்தில். வீட்டுக்குப் போய் மஃரிபுடன் சேர்த்துத் தொழலாம் என்றால் எந்த மத்ஹபிலும் வழியில்லை, அது களாவாகிவிடும். நான்கு ரக்அத்துக்குப் பத்து நிமிடம் போதும். அதை அலுவலக நேரத்துக்குள்ளேயே அவர் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.