பெயர் தெரியாத கிருமியைப் பிடிப்பது

இறால் குளத்தில் வெண்புள்ளி நோய் வந்தால் குளக்கட்டில் நின்றே கண்டுகொள்ளலாம். தீனியை விட்ட இறால்கள் கரையோரம் ஒதுங்கும். ஓட்டில் வெள்ளைப் பொட்டுகள் தெரியும். ஆனால் அப்போது கண்டு பயனில்லை. மூன்று முதல் பத்து நாட்களுக்குள் குளம் முழுவதுமே செத்துப்போகலாம். 1996இல் இலங்கையின் புத்தளம் மாவட்டக் கரையோரப் பண்ணைகள் இந்த அடியை வாங்கின. அங்குள்ள டச்சுக் கால்வாயில் நீர் எடுத்து அதே கால்வாயில் கழிவுநீரையும் விட்டால், நோய் பரவ வேறு வழி எதற்கு?

இந்த நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். வைரஸை ஆய்வுகூடத்தில் உயிரணுக்களில் வளர்த்து இனங்காண்பது பழைய முறை. இறாலின் உயிரணுக்களோ கண்ணாடிப் பாத்திரத்தில் தொடர்ந்து வளர மறுப்பவை. மிஞ்சியது மரபணுவைப் படிப்பதுதான். 2001இல் வெண்புள்ளி வைரஸின் ஏறத்தாழ 3 இலட்சம் டி.என்.ஏ. எழுத்துகளும் வாசிக்கப்பட்டன. அதன் மரபணுக்களில் பெரும்பாலானவை அதுவரை அறிந்த எதனோடும் ஒத்துப்போகவில்லை. அதற்கென்று நிமாவிரிடே என்ற தனிக் குடும்பமே வகுக்கவேண்டியதாயிற்று.

வைரஸின் எழுத்துவரிசை தெரிந்தால் பி.சி.ஆர். சோதனை எளிது. அதற்கே உரிய ஒரு துண்டு டி.என்.ஏ.யைச் சூடாக்கி, ஆற்றி, மீண்டும் மீண்டும் இரட்டிப்பாக்குவார்கள். முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். ஆனால் இந்தச் சோதனை கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். வந்திருப்பது புதுக் கிருமி என்றால் வாய் திறக்காது.

அப்படியொன்று 2009 வாக்கில் சீனாவில் தொடங்கி வியட்நாம், தாய்லாந்து என்று பரவியது. குளத்தில் விட்ட முதல் மாதத்திலேயே குஞ்சுகள் செத்தன. 2013இல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் லைட்னர் குழு குற்றவாளியைக் காட்டியபோது வியப்பு காத்திருந்தது: விப்ரியோ பராஹீமோலிட்டிகஸ், உவர்நீரில் சாதாரணமாக வாழும் பாக்டீரியா. கொல்லும் வகையையும் கொல்லாத வகையையும் முழுதாக வாசித்து ஒப்பிட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. கொல்லும் வகையிடம் சுமார் 70,000 எழுத்துகள் கொண்ட ஒரு டி.என்.ஏ. வளையம் கூடுதலாக இருந்தது. நஞ்சை உண்டாக்கும் இரண்டு மரபணுக்கள் அதில்தான். அந்த வளையம் வேறு விப்ரியோக்களுக்கும் கைமாறக்கூடியது. ஆகவே இன்று சோதனைகள் தேடுவது பாக்டீரியாவின் பெயரை அல்ல, அந்த நஞ்சு மரபணுக்களை.

புத்தளத்தில் பொரிப்பகக் குஞ்சுகளைக் குளத்தில் விடுமுன் பி.சி.ஆர். செய்வது இப்போது நடைமுறை. வழக்கமாக 150 குஞ்சுகளை எடுத்துப் பார்ப்பார்கள். நூற்றில் இரண்டுக்கு நோய் இருந்தால் அது அகப்பட 95 சதவீத வாய்ப்பு உண்டு. அதற்கும் குறைவென்றால் நழுவலாம். சோதனையில் தேறிய குஞ்சுக்கும் கண்டல் காட்டு நண்டு வைரஸைக் கொண்டுவரும் என்பதால், குளக்கட்டைச் சுற்றி வலைவேலியும் வேண்டும்.