குத்தாத முத்திரைகள்

முத்திரை எண்டால் குத்துறதுக்குத்தானே? கொரிய அரச முத்திரைகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கும் வரைக்கும் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

1392 முதல் 1910 வரை கொரியாவை ஆண்ட ஜோசொன் வம்சத்தாரிடம் இருவகை முத்திரைகள் இருந்தன. ஒன்று 'குக்செ'. அரச ஆணைகளிலும் கடிதங்களிலும் பதிக்கப்பட்டது அதுதான். அது ஆட்சியின் கருவி. மற்றது 'ஒபோ'. அரசிக்கோ பட்டத்து இளவரசருக்கோ பட்டம் சூட்டும்போதும், அரசருக்குச் சிறப்புப் பெயர் வழங்கும்போதும் செய்யப்பட்டது இது. பொன்முலாம் பூசிய உலோகத்திலோ ஜேட் கல்லிலோ அமைந்திருக்கும். கைப்பிடி பெரும்பாலும் ஆமை வடிவம். அடியில் உரியவரின் பட்டப்பெயர். நாளாந்த அரச கருமங்களுக்கு இதை எடுப்பதில்லை.

கூடவே 'ஒச்செக்' என்ற ஏடும் வழங்கப்படும். பட்டம் பெறுபவரின் பெருமையும் அவருக்கான அறிவுரையும் அதில் இருக்கும். அரசருக்கும் அரசிக்கும் ஜேட் தகடுகள். பட்டத்து இளவரசருக்கும் அவரது துணைவிக்கும் மூங்கில் தகடுகள். 1897இல் நாடு பேரரசாகப் பிரகடனம் செய்யப்பட்ட பின் பேரரசருக்குப் பொன்னேடு வந்தது. கைப்பிடியில் ஆமையின் இடத்தை டிராகன் பிடித்துக்கொண்டது.

உரியவர் இறந்த பிறகு இவை சியோலிலுள்ள ஜொங்மியோ எனும் அரச முன்னோர் ஆலயத்தில் அவரது நினைவுப் பலகையோடு வைக்கப்பட்டன. இறந்தவருக்குப் புதிதாகப் பெயர் சூட்டினாலும் முத்திரையும் ஏடும் செய்வார்கள். அப்ப, இறந்தவருக்கு முத்திரை எதுக்கு?

தான்ஜொங்கின் கதை இதற்கு விடை சொல்கிறது. சிறுவனாக 1452இல் அரியணை ஏறியவர் அவர். 1455இல் சிற்றப்பன் செஜோ ஆட்சியைப் பறித்தார். பட்டம் இழந்து, நாடுகடத்தப்பட்ட இடத்தில் 1457இல் அவர் உயிர் போனது. அரச வரிசையில் அவருக்கு இடமே இருக்கவில்லை. 241 ஆண்டுகள் கழித்து, 1698இல், சுக்ஜொங் மன்னர் அவரை மீண்டும் அரசராக ஏற்றார். தான்ஜொங் என்ற பெயரும் அப்போதுதான் சூட்டப்பட்டது. முத்திரையும் ஏடும் செய்யப்பட்டன; நினைவுப் பலகை ஜொங்மியோவுக்கு வந்தது.

பறித்த அரியணையை அந்த முத்திரை திருப்பித் தரவில்லை. ஆனால், அவர் அரசர்தான் என்பதை அழியாத பொருளில் எழுதி வைத்தது. குக்செ கையில் இருப்பவர் ஆளலாம். ஆனால் ஒபோ சொல்வது ஆள் யார் என்பதை.

1819இல் ஓர் இளவரசிக்கு வழங்கிய மூங்கில் ஏடு, 1866இல் பிரெஞ்சுப் படை கங்வா தீவின் அரச நூலகத்தை எரித்தபோது சாம்பலாகிவிட்டது என்றே நம்பப்பட்டது. அது பிரான்ஸில் ஏலத்துக்கு வந்து, 2018இல் தாயகம் திரும்பியது. அதற்கு முந்திய ஆண்டுதான் யுனெஸ்கோ இத்தகைய 669 முத்திரைகளையும் ஏடுகளையும் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருந்தது.

குத்தாத முத்திரையால் என்ன பயன் எண்டு இனி நான் கேட்கமாட்டேன்.