வேரோடு வாழும் பூசணம்

காவிரியின் கடைமடையான சீர்காழி வட்டாரத்தில், ஆற்றுநீர் காலந்தாழ்ந்து வரும் ஆண்டுகளில் உழவர்கள் புழுதியிலேயே நெல்லை நேரடியாக விதைப்பதுண்டு. காய்ந்த மண்ணில் மணிச்சத்து எளிதில் நகர்வதில்லை. வேர் தன்னருகே உள்ளதை விரைவில் தீர்த்துவிடும்.

அந்நிலையில் துணைநிற்பது வேர் உட்பூசணம். வேரினுள் குடிபுகும் இதன் மெல்லிய இழைகள், வேர்த்தூவிகள் எட்டாத மண்துளைகளிலும் பரவி மணிச்சத்தைக் கொணர்கின்றன. கைம்மாறாகப் பயிர் சர்க்கரையை அளிக்கிறது. வேரும் பூசணமும் கொள்ளும் இத்தகைய உறவுக்கு 1885இல் 'மைக்கோரைசா' எனப் பெயரிட்டவர் செருமானிய அறிஞர் ஃபிராங்க்.

நீர் தேங்கிய வயலில் காற்றோட்டம் குறைவதால் இப்பூசணம் குன்றும்; புழுதி விதைப்பில் பெருகும். மணிச்சத்து உரத்தை மிகுதியாக இட்டாலோ, பயிர் பூசணத்தின் துணையை நாடாது. ஆகவே, பூசண உரத்தை விதைக்கு அடியில் இடும் உழவர், மணிச்சத்து உரத்தை அளவோடு இடுதல் வேண்டும்.